பசை பிடிப்பது அலுமினியத்தை அல்ல

அலுமினியத் தகட்டை எவ்வளவுதான் தேய்த்துப் பளபளப்பாக்கினாலும் பசை உலோகத்தைத் தொடுவதே இல்லை. காற்றுப் பட்டவுடன் 2 முதல் 4 நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படலம் மூடிவிடும். எபாக்ஸிப் பசை பிடித்துக்கொள்வது அதைத்தான்.

எண்ணெய் போகத் துடைத்து ஒட்டினாலே முதல் நாள் இணைப்பு நல்ல வலுவைக் காட்டும். ஏமாறுவது அங்கேதான். நாளடைவில் ஈரம் ஓரங்கள் வழியாகவும் பசைக்குள்ளும் புகுந்து ஆக்சைடைச் சேரும். நீரேறிய ஆக்சைடு பருத்து, அடியிலுள்ள உலோகத்தில் பிடிப்பிழந்து, பசையோடு சேர்ந்து உரிந்து வரும். பசை கெடாமலே ஒட்டு விட்டுப்போகும்.

விமானப் பாகங்களுக்குப் பாஸ்பாரிக் அமில ஆனோடைசிங், அதாவது அமிலத்தில் மின்சாரம் செலுத்திப் புது ஆக்சைடு வளர்ப்பது, இதற்காகத்தான். எண்ணெய் நீக்கி, பழைய ஆக்சைடைக் கரைத்தபின், ஏறத்தாழ 10 சதவீத அமிலத்தில் தகட்டை நேர்மின்வாயாக்கி 10 வோல்ட்டில் 20 முதல் 25 நிமிடம் வைப்பார்கள். சுமார் 400 நானோமீட்டர் தடிப்பில் தேன்கூடு போன்ற படலம் வளரும். அதன் துளைகள் ஏறக்குறைய 40 நானோமீட்டர் அகலம். பசைக்கு முன் பூசும் நீர்த்த பிரைமர் துளைகளுக்குள் இறங்கி இறுகும். ஆக்சைடில் தங்கும் பாஸ்பேட்டோ நீரேற்றத்தைத் தாமதப்படுத்தும். மின்சாரத்தை நிறுத்தியதும் தாமதமின்றி அலச வேண்டும், இல்லையேல் வளர்ந்த படலத்தை அமிலமே தின்னும். அலங்காரத்துக்காக ஆனோடைஸ் செய்து வெந்நீரில் துளையடைத்த தகடு பார்க்க அழகு, ஒட்டுவதற்கு உதவாது.

அமிலத் தொட்டி இல்லாத இடத்தில் வரிசை முக்கியம். முதலில் அசிட்டோனால் துடைக்க வேண்டும், பிறகுதான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் எண்ணெய் கீறல்களுக்குள் அழுந்திவிடும். தேய்த்த தூளைப் புதுத் துணியால் ஒரே திசையில் துடைத்து, சுத்தமான நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் திட்டுத் திட்டாக விலகாமல் அரை நிமிடம் ஒரே படலமாக நின்றால் தகடு தயார். அதன்பின் விரல் படக்கூடாது. ஆக்சைடையும் பசையையும் பிணைக்கும் எபாக்ஸி சிலேன் என்ற சேர்மத்தை நீரில் 1 சதவீதமாகக் கலந்து, கரைசலை ஒரு மணி நேரம் விட்டுப் பூசி, சூட்டில் உலர்த்தினால் ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். பசை 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் போதும். கவ்விகளை வெறியோடு முறுக்கினால் பசை வெளியே பிதுங்கி உள்ளே வறண்டுபோகும்.

தயாரிப்பு சரியா என்பதை இழுவைச் சோதனை சொல்லாது. ஆப்புச் சோதனை சொல்லும். ஒட்டிய இரு பட்டைகளின் நுனியில் 3 மில்லிமீட்டர் ஆப்பை அடித்து, 50 டிகிரி ஈரக் காற்றில் வைத்து விரிசல் எவ்வளவு நகர்கிறதென்று அளக்கிறார்கள். பிறகு பிளந்து பார்ப்பார்கள். இரு பக்கமும் பசை இருந்தால் பசைதான் கிழிந்திருக்கிறது, நல்லது. ஒரு பக்கம் வெறும் உலோகம் மின்னினால் துடைப்பதிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.