ஆணியின் நிழலைத் துடைத்துவிடாதீர்கள்

பழைய ஓவியங்களைச் சீர்செய்வது என் தொழில். போன மாதம் ஒருவர் ஒரு எண்ணெய் ஓவியத்தைக் கொண்டுவந்தார். சமையலறையில் ஒரு பெண் மீன் கழுவுகிறாள், பக்கத்தில் செப்புப் பானை. ஏதோ டச்சு ஓவியத்தைப் பார்த்து வரைந்த நகல். புகை படிந்திருந்ததால் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்திருக்கிறார்கள். வீடியோவில் அப்படித்தான் சொன்னார்களாம். பானையின் மினுமினுப்பு அதோடு போய்விட்டது.

பானையின் மினுக்கம், மீன் கண்ணின் வெள்ளைப் புள்ளி, மெல்லிய நிழல் எல்லாம் பெரும்பாலும் கடைசியாக வைப்பவை. அதனால் ஓவியத்தின் மேல் பூசிய வார்னிஷைத் தாண்டித் தேய்த்தால் முதலில் போவதும் அவைதான். வெடிப்பு இருந்தால் ஈரம் உள்ளே இறங்கி வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

டச்சு ஓவியர் வெர்மீர் சுமார் 1660இல் வரைந்த பால் ஊற்றும் பணிப்பெண்ணைப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. உயரம் 45.5 செ.மீ.தான். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் ஓர் ஆணி, அதற்குச் சின்னதாக ஒரு நிழல், ஆணி பிடுங்கிய ஓட்டைகள். ரொட்டியின் மேல் பொடிப்பொடியாக வெளிச்சப் புள்ளிகள். அந்தச் சுவர் வெறும் சுவராக ஆகாமல் இருப்பதே இவற்றால்தான். அவள் தலைக்குப் பின்னால் வெர்மீர் முதலில் குவளை மாட்டும் பலகை ஒன்றைத் தீட்டத் தொடங்கி, அப்புறம் மூடிவிட்டார் என்பது 2022இல் தெரியவந்தது. ஓவியத்தைத் தொடாமல், அகச்சிவப்புக் கதிர்களால் படமெடுத்தே கண்டுபிடித்தார்கள்.

துடைக்காமல் விட்டாலும் வெயில் சும்மா விடாது. வெர்மீர் காலத்து டச்சு, ஃப்ளெமிஷ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) ஓவியங்கள் சிலவற்றில் இலைகள் நீலமாகத் தெரியும். ஓவியர் தீட்டியது பச்சைதான். நீலத்தோடு சேர்த்த தாவரச் சாய மஞ்சள் வெளிச்சத்தில் வெளுத்து, நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. போன மஞ்சளைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? வண்ணம் உறுதியாக இருந்தால் மென்மையான, உலர்ந்த பிரஷால் தூசியை மட்டும் தட்டுங்கள். உதிர்கிறது என்றால் கையே வைக்க வேண்டாம். ஈரத்துணி, வெங்காயம், ரொட்டி எதுவும் கூடாது. அடுப்புக்குப் பக்கத்திலும் வெயில் விழும் சுவரிலும் மாட்டாதீர்கள்.

அந்த மீன்காரப் பெண் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறாள். உதிர்வதை நிறுத்திவிட்டேன். பானையில் ஒரு மினுக்கம் வைத்துத் தரச் சொல்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அது நான் வைத்த மினுக்கமாகத்தான் இருக்கும்.