ஃபிளெட்சர் நாசகாரிகள்: மேலே ஏறிய எடை, கீழே தீர்ந்த எண்ணெய்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய ஃபிளெட்சர் வகை நாசகாரிக் கப்பல்களைப் பற்றிப் பேசினால் பேச்சு உடனே பீரங்கிக்கும் வேகத்துக்கும் போய்விடும். போகட்டும், இரண்டும் பேச வேண்டியவைதான். ஐந்து 127 மி.மீ. பீரங்கிகள், பத்து டார்பிடோ குழாய்கள், 36 நாட் (மணிக்குச் சுமார் 67 கி.மீ.) வேகத்துக்கும் மேல். ஒரே அடிப்படை வடிவத்தில் 175 கப்பல்கள் கட்டினார்கள். ஆனால் அவை போர் முழுக்கத் தாக்குப்பிடித்ததற்கு முதல் காரணமாக நான் சொல்வது, வரைபடத்திலேயே எடைக்கென்று தாராளமாக இடம் விட்டுவைத்ததை.

முந்தைய கப்பல்களுக்கு அந்த இடம் இல்லை. 1930 லண்டன் கடற்படை ஒப்பந்தத்தின்படி நாசகாரிக் கப்பல் 1,850 டன்னைத் தாண்டக் கூடாது. பெரும்பாலானவை 1,500 டன்னுக்குள் அடங்க வேண்டும். அந்தச் சின்ன உடலில் ஆயுதங்களைத் திணித்ததால் மேல்பாரம் கூடிப்போனது. 1939இல் வந்த சிம்ஸ் வகையில் டார்பிடோ தொகுதிகளைக் குறைத்த பிறகுதான் நிலைமை சீரானது. ஒப்பந்தங்கள் காலாவதியான பிறகு வரைந்த முதல் பெரிய வடிவம் ஃபிளெட்சர். அதன் எடை 2,050 டன், நீளம் சுமார் 115 மீட்டர், அகலம் 12 மீட்டர். முந்தைய வகையைவிட அகலம் ஒரு மீட்டர்தான் கூடுதல். அந்த ஒரு மீட்டரில்தான் விஷயம் இருக்கிறது.

கப்பல் ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கம் உடல் கூடுதலாக நீரில் அமிழ்கிறது. மிதப்பு விசையின் மையமும் அந்தப் பக்கம் நகர்ந்து, கப்பலை மேல்நோக்கித் தள்ளி நிமிர்த்துகிறது. இந்த நிமிர்த்தும் பலம் நீர்மட்டத்தில் உள்ள அகலத்தின் மூன்றாம் படியைப் பொறுத்துக் கூடும். அகலம் 10 சதவீதம் கூடினால், வடிவத்தால் கிடைக்கும் இந்தப் பலம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். எதிர்ப்பக்கம் வேலை செய்வது ஈர்ப்பு மையம். மேல்தளத்தில் ஒவ்வொரு டன் ஏறும்போதும் அது உயர்கிறது. உயர உயர நிமிரும் பலம் குறைகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் அடிக் களிமண்ணைச் சுரண்டித் தலையில் அப்பினால் என்ன ஆகும்? அதே கதைதான்.

போர் நடக்க நடக்க மேலே எடை ஏறிக்கொண்டே போனது. விமானத் தாக்குதல் பெருகியதால் 40 மி.மீ. இரட்டைப் பீரங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, பெரும்பாலான கப்பல்களில் ஐந்து ஆகின. பீரங்கி வந்தால் அது மட்டும் வராது. குண்டுப் பெட்டிகள், குறிபார்க்கும் கருவி, மின்கம்பிகள், அதை இயக்க ஆட்கள் என்று எல்லாம் கூடவே வரும். பாய்மரத்தின் உச்சியில் ரேடார் வேறு. 273 பேருக்காகத் திட்டமிட்ட கப்பலில் முந்நூறுக்கு மேற்பட்டோர் மூன்றடுக்குப் படுக்கைகளில் உறங்கினார்கள். பிற்பாடு கட்டிய கப்பல்களில், கப்பலை நடத்தும் தலைமைத் தளத்தைத் தாழ்த்தி எடை குறைத்தார்கள். விட்டுவைத்த இடம் இவ்வளவையும் தாங்கியது.

இயந்திர அறைகளின் அடுக்கும் அப்படித்தான், அடி விழும் என்று எண்ணியே அமைத்தது. நான்கு கொதிகலன்கள், இரண்டு டர்பைன் தொகுதிகள், மொத்தம் 60,000 குதிரைத்திறன். கொதிகலன் அறை, இயந்திர அறை, மறுபடி கொதிகலன் அறை, மறுபடி இயந்திர அறை என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒரு குண்டு நடுவில் வெடித்தாலும் இன்னொரு ஜோடி தனியாக ஓடும். 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சமர் தீவருகே ஜான்ஸ்டன் என்ற ஃபிளெட்சர் கப்பல், யமாட்டோ உள்பட நான்கு பெரும் போர்க்கப்பல்கள் கொண்ட ஜப்பானியப் படையை எதிர்த்துப் பாய்ந்தது. அதன் டார்பிடோ ஜப்பானியக் கப்பல் குமானோவின் முன்முனையைப் பிய்த்தது. பதிலுக்குப் பெரிய குண்டுகள் விழுந்து ஒரு பக்க இயந்திரம் போனது. வேகம் 17 நாட் அளவுக்கு இறங்கியது. அந்த ஒற்றை இயந்திரத்தில் ஓடியபடி, சுக்கானைக் கையால் திருப்பிக்கொண்டு, மேலும் இரண்டு மணி நேரம் சண்டையிட்டு மூழ்கியது. 327 பேரில் 186 பேர் இறந்தார்கள். கப்பல்தலைவர் எர்னஸ்ட் எவன்ஸும் திரும்பவில்லை. 2021இல் ஆறாயிரம் மீட்டருக்கும் கீழே அதன் சிதைவை ஆய்வு செய்து உறுதிப்படுத்தினார்கள்.

ஆனால் எடைக் கணக்கை முழுதாகப் புரிய வைப்பது ஸ்பென்ஸ் என்ற கப்பல். 1943 நவம்பரில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆர்லி பர்க் தலைமையில் ஐந்து ஃபிளெட்சர்கள் சாலமன் கடலில் விரைந்தபோது அதுவும் இருந்தது. அதன் கொதிகலன் ஒன்றில் கோளாறு இருந்ததால் படை மொத்தமும் வேகத்தைக் குறைக்க வேண்டியிருந்தது. பர்க் ‘31 நாட் வேகத்தில் வருகிறோம்’ என்று செய்தி அனுப்பினார். ‘31 நாட் பர்க்’ என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. செயின்ட் ஜார்ஜ் முனையில் மூன்று ஜப்பானிய நாசகாரிகளை மூழ்கடித்தார்கள், தங்கள் மேல் ஓர் அடிகூட விழாமல்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே ஸ்பென்ஸ் பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே எண்ணெய் தீரும் நிலையில் நின்றது. முழுதாக நிரப்பினால் சுமார் 490 டன் எண்ணெய், அதுவும் கப்பலின் அடிப்பகுதியில். அதாவது எண்ணெய் எரிபொருள் மட்டுமல்ல, அடிபாரமும்கூட. எரிய எரிய ஈர்ப்பு மையம் மேலே வரும். அதற்கு மாற்று உண்டு: காலியான தொட்டிகளில் கடல்நீரை நிரப்புவது. ஆனால் அடுத்து எண்ணெய் ஏற்றுமுன் அந்த நீரை முழுக்க இறைத்து வெளியேற்ற வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். எண்ணெய் எந்த நேரமும் கிடைக்கலாம் என்று காத்திருப்பவருக்கு நீரை நிரப்ப மனம் வராது. டிசம்பர் 17 அன்று நியூ ஜெர்சி போர்க்கப்பலை ஒட்டி நின்று எண்ணெய் வாங்கப் பார்த்தார்கள். அலையில் குழாய் அறுந்தது. மறுநாள் சூறாவளி. பாதி நிரம்பிய தொட்டிகளில் திரவம் சாயும் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். காற்றுத் துளைகள் வழியே நீர் புகுந்து மின்சாரம் போனது, சுக்கான் சிக்கியது, ஸ்பென்ஸ் கவிழ்ந்தது. ஹல், மோனகன் என்ற பழைய நாசகாரிகள் இரண்டும் அன்றே போயின. அந்தப் புயலில் மொத்தம் 790 பேர் அளவில் இறந்தார்கள். அதே கடலில் இருந்த மற்ற ஃபிளெட்சர்கள் தப்பின. ஆகவே குறை வடிவத்தில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. விட்டுவைத்த இடத்தைப் பீரங்கிகள் முன்பே எடுத்துக்கொண்டன. மிச்சத்தைக் காலித் தொட்டிகள் தின்றன.

போருக்குப் பிறகும் இந்தக் கப்பல்கள் ஓய்வெடுக்கவில்லை. கிரீஸ், துருக்கி, பிரேசில், மேற்கு ஜெர்மனி எனப் பல நாடுகளுக்குப் போயின. 1959இல் இரண்டு ஜப்பானுக்கே போய்ச் சேர்ந்தன. கிட், தி சல்லிவன்ஸ், காசின் யங் மூன்றும் அமெரிக்காவில் அருங்காட்சியகங்களாக நிற்கின்றன. 1943இல் ஜான் ராட்ஜர்ஸ் என்ற பெயரில் பணிக்கு வந்த கப்பல் மெக்சிகோ கடற்படையில் 2001 வரை ஓடியது. ஃபிளெட்சர்களில் கடைசியாகப் பணியிலிருந்து இறங்கியது அதுதான்.