டிரை ஃபிளை: உலர்ந்த ஈயா, மிதக்கும் பூச்சியா?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆகஸ்ட் மாதம் மத்தியானக் காற்று கிளம்பினால், ஆற்றங்கரைப் புல்லில் இருக்கும் வெட்டுக்கிளிகள் தண்ணீரில் வந்து விழும். கரையோரம் நிற்கும் டிரௌட் மீனுக்கு அது கொழுத்த இரை. அதே வெட்டுக்கிளியைப் போல இறகும் முடியும் வைத்துத் தூண்டில் முள்ளில் கட்டி மிதக்க விடுவார்கள். அதற்குப் பெயர் ஹாப்பர். இப்படி மீன் பிடிக்க நீரின்மேல் மிதக்க விடும் பொய்ப்பூச்சிகளுக்கு ஆங்கிலத்தில் டிரை ஃபிளை என்று பெயர்; அந்தப் பெரிய குடும்பத்தில் ஹாப்பரும் ஒன்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'உலர் ஈ' என்றுதான் சட்டென்று வாயில் வரும். அதில் இரண்டு சொல்லுமே பொருந்தவில்லை.

முதலில் ஃபிளை. பழைய ஆங்கிலத்தில் பறக்கிற பூச்சி எதுவானாலும் ஃபிளைதான். அந்தப் பொருளின் தடம் பட்டர்ஃபிளை, டிராகன்ஃபிளை, ஃபயர்ஃபிளை என்ற பெயர்களில் இன்னும் இருக்கிறது. நாம் அவற்றை வண்ணத்துப்பூச்சி, தட்டாரப்பூச்சி, மின்மினிப்பூச்சி என்கிறோம். அவர்கள் ஃபிளை வைத்த இடத்திலெல்லாம் நம்மிடம் பூச்சி உட்கார்ந்திருக்கிறது! அப்புறம் ஏன் ஈயைத் தேடிப் போக வேண்டும்? வெட்டுக்கிளியை ஈ என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லாது.

அடுத்து டிரை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் இந்தப் பொய்ப்பூச்சிகளைப் பெரும்பாலும் நீருக்குள் அமிழவிட்டுத்தான் மீன் பிடித்தார்கள். நனைந்து கனத்ததைக் கழற்றிவிட்டு நனையாத ஒன்றை மாட்டினால், அது நீரின் மேலேயே நிற்கிறது; மேலே வந்து இரையெடுக்கும் மீன் அதைக் கவ்வுகிறது. நனையாததால் டிரை, அமிழ்வது வெட். ஆக, உலர்ந்திருப்பது வழி மட்டும்தான், வேலை மிதப்பது. இந்த முறைக்கு இலக்கணம் வகுத்த ஃபிரெடரிக் ஹால்ஃபோர்டே 1886இல் வெளியிட்ட தன் நூலின் தலைப்பில் டிரை என்று போடவில்லை, 'மிதக்கும் பூச்சிகள்' என்றுதான் போட்டார். எனவே மிதவைப் பூச்சி என்பதே என் தேர்வு. மூழ்குவதை அமிழ்பூச்சி எனலாம்.

ஹாப்பருக்குச் சொல் தேடவே வேண்டாம். ஹாப் என்றால் தத்துவது. வெட்டுக்கிளிக்குத் தத்துக்கிளி என்ற அருமையான பெயர் நம் அகராதியிலேயே இருக்கிறது. இலையை வெட்டுவதால் ஒரு பெயர், தத்திப் போவதால் ஒரு பெயர். ஆகவே இது மிதவைத் தத்துக்கிளி.

இந்தப் பொய்ப்பூச்சிகளைச் செய்வதை இங்கிலாந்தில் 'உடுத்துவது' என்பார்கள், அமெரிக்காவில் 'கட்டுவது'. பூக்கட்டுகிற நமக்குக் கட்டுவதுதான் இயல்பு; கைவேலையும் கிட்டத்தட்ட அதேதான். நீண்ட தண்டுள்ள முள்ளில் மஞ்சள் நூலிழையால் உடல், அதன்மேல் வான்கோழி இறகால் சிறகு. ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகு இழைகளில் ஒரு முடிச்சுப் போட்டால் தத்துக்கிளியின் மடிந்த முழங்கால் அப்படியே வந்துவிடும். தலைக்கு மான்முடி. அந்த முடிக்குள் காற்று நிறைந்திருக்கும், மிதப்பதன் ரகசியங்களில் அதுவும் ஒன்று. ஒரு சிட்டிகை முடியை முள்ளின் தண்டில் வைத்து, நூலைத் தளர்வாக இரண்டு சுற்றுச் சுற்றி மெதுவாக இறுக்க வேண்டும். முடி சட்டென்று பூவாக விரிந்து தண்டைச் சுற்றித் திரும்பும். அடுத்த சிட்டிகையை நெருக்கிக் கட்டி, கடைசியில் கத்தரியால் தலை வடிவத்துக்கு வெட்டுவார்கள். முள்ளின் காதை மட்டும் முடி மூடிவிடக் கூடாது, தூண்டில் நரம்பு கோக்க இடம் வேண்டுமே.

லெட்டார்ட் ஹாப்பர், டேவ்ஸ் ஹாப்பர் போன்ற ஹாப்பர் வகைகளின் பெயர்களில் முன்னால் வரும் சொல்லை மட்டும் மாற்ற வேண்டாம். முன்னது பென்சில்வேனியாவில் ஓடும் ஓர் ஓடையின் பெயர், பின்னது டேவ் விட்லாக் என்ற கைவினைஞரின் பெயர்.

சொல்லிப் பாருங்கள்: "காற்று கிளம்பட்டும், மிதவைத் தத்துக்கிளியை மாட்டுவோம்." நாக்கில் எங்கும் தட்டவில்லை.