அன்னப்போஸ்ட்டுல வந்தவரு 'ஏகமனதா' வந்தாரா?

போன மாசம் எங்க அப்பார்ட்மெண்ட்ல அசோசியேஷன் எலெக்‌ஷன். செயலாளர் பதவிக்கு ஒரே ஒரு ஆள்தான் பேர் குடுத்திருந்தார், ஏன்னா தண்ணி லாரிக்காரர்கிட்டயும் லிஃப்ட் மெக்கானிக்கிட்டயும் வருஷம் பூரா மல்லுக்கட்ட வேற யாருக்கும் தெம்பு இல்ல. மறுநாள் வாட்ஸ்அப்ல மினிட்ஸ் வருது, "ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்"னு. கூட்டத்துக்கு வந்ததே பதினோரு பேரு, அதுல நாலு பேரு வடைக்கு வந்தவங்க. நானும் அங்கதான் உக்காந்திருந்தேன், என் மனசுல என்ன இருக்குன்னு ஒருத்தரும் கேக்கல. அப்புறம் எப்படிங்க ஏக மனசு?

இது எங்க அப்பார்ட்மெண்ட் வியாதி மட்டும் இல்ல. பஞ்சாயத்து வார்டுல ஆரம்பிச்சு ராஜ்யசபா வரைக்கும், எதிர்ல ஆள் இல்லாம ஒருத்தர் வந்துட்டா உடனே "ஏகமனதாக"ன்னு எழுதிடறாங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு, அதான் இந்தப் புலம்பல்.

முதல்ல சொல்லோட கதையை சட்டுனு முடிச்சிடறேன். எதிர்ல ஆள் இல்லாம வர்றதுக்கு ஆங்கிலத்துல அன்அப்போஸ்டு, நம்மூரு வாயில அன்னப்போஸ்ட்டு. லத்தீன்ல 'ஆப்'னா எதிரே, 'போனெரே'னா வைக்கறது, ஆக எதிர்ல ஆள் வைக்கப்படாதவர்னு அர்த்தம், அவ்ளோதான். யுனானிமஸ்ங்கறது வேற குடும்பம்: 'ஊனுஸ்'னா ஒண்ணு, 'அனிமுஸ்'னா மனசு. ஏகமனதுங்கறது அதுக்கு அச்சு அசலா பொருந்தற சொல், அதுல எனக்கு சண்டையே இல்ல, ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் ஒரே பக்கம் போட்டா தாராளமா ஏகமனதாகன்னு எழுதுங்க. ஆனா ஒண்ணு எதிர்ல ஆள் இருக்கா இல்லையாங்கற கணக்கு, இன்னொண்ணு ஓட்டுப் போட்டவங்க மனசு பத்தின விஷயம். ரெண்டையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டினா என்ன ஆகும்?

இதுக்கு அமெரிக்காவுல அருமையான உதாரணம் இருக்கு. 1820 ஜனாதிபதித் தேர்தல்ல ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து நிக்க ஆளே இல்ல. ஆனாலும் தேர்வாளர்கள் (மாநிலங்கள் சார்பா ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடறவங்க) கூடி ஓட்டுப் போட்டப்ப அவருக்கு 231 விழுந்துது, நியூ ஹாம்ப்ஷயர்லேர்ந்து வந்த வில்லியம் ப்ளூமர்ங்கற ஒரே ஒரு மனுஷன் மட்டும் மன்றோவைப் பிடிக்காம ஜான் குவின்சி ஆடம்ஸுக்குப் போட்டுட்டார். ஆக எதிராளி இல்ல, ஆனா ஏகமனது இல்ல. அப்படியே தலைகீழா பாக்கணும்னா 1789க்குப் போங்க, அப்ப ஒவ்வொரு தேர்வாளருக்கும் ரெண்டு ஓட்டு, 69 பேருமே ஒரு ஓட்டை வாஷிங்டனுக்குப் போட்டாங்க, இன்னொரு ஓட்டு ஜான் ஆடம்ஸ் மாதிரி வேற பலருக்குப் பிரிஞ்சு போச்சு. அங்க வேற பேருங்க களத்துல இருந்துது, ஆனா வாஷிங்டன் விஷயத்துல ஏகமனது. இதுக்கு மேல நான் என்னத்த விளக்கறது.

நம்ம ஊர்ல நிலைமை இன்னும் மோசம், ஏன்னா இங்க ஓட்டே நடக்காது. 1951ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 53 என்ன சொல்லுதுன்னா, வாபஸ் வாங்கற கெடு முடிஞ்சு களத்துல நிக்கறவங்க எண்ணிக்கையும் இடங்களோட எண்ணிக்கையும் சமமா இருந்தா தேர்தல் அதிகாரி அத்தனை பேரையும் உடனே தேர்ந்தெடுக்கப்பட்டதா அறிவிச்சிடணும். ஓட்டுப்பெட்டி கிடையாது, நோட்டாவும் கிடையாது. 2025 ஜூன்ல தமிழ்நாட்டுலேர்ந்து ராஜ்யசபாவுக்கு கமல்ஹாசன் உட்பட ஆறு பேர் போனது இப்படித்தான், ஆறு சீட்டு ஆறு ஆளு. ஒரு எம்எல்ஏ கூட ஓட்டுப் போடல. போடாத ஓட்டுல ஒருமித்த மனசை எங்கேர்ந்து கண்டுபிடிச்சாங்க?

1977ல நீலம் சஞ்சீவ ரெட்டி ஜனாதிபதியானதை எடுத்துக்கோங்க. மொத்தம் 37 பேர் மனு போட்டாங்க, அதுல 36 பேரோட மனு தள்ளுபடி. அத ஏகமனதுன்னு எழுதினா அந்த 36 பேருக்கும் மனசே இல்லையா? 2024ல சூரத் மக்களவைத் தொகுதியில காங்கிரஸ் வேட்பாளரோட மனுவை, முன்மொழிஞ்சவங்களே "இது எங்க கையெழுத்து இல்ல"ன்னு சொன்னதால தள்ளுபடி பண்ணாங்க, மிச்சம் இருந்த எட்டு பேரும் வாபஸ் வாங்கிட்டாங்க, பாஜகவோட முகேஷ் தலால் வாக்குப்பதிவே இல்லாம எம்பி ஆயிட்டார். சூரத் வாக்காளர்ல எத்தன பேருக்கு அதுல சம்மதம்னு யாராலயும் சொல்லவே முடியாது, சொல்ல முடியாதுங்கறதுதான் விஷயமே. அந்த 53ம் பிரிவு செல்லுமான்னு உச்ச நீதிமன்றத்துல வழக்கு வேற போயிருக்கு. இதையும் "ஏகமனதாக"ன்னு ஒரு பட்டுத்துணி போட்டு மூடிட்டா உள்ள என்ன நடந்துதுன்னு படிக்கறவனுக்கு எப்படித் தெரியும்? பஞ்சாயத்து லெவலுக்கு வந்தா கேக்கவே வேணாம், தலைவர் பதவியை ஏலம் விட்டு, ஜெயிச்சவர் மட்டும் மனு போடற ஊரெல்லாம் நம்மகிட்ட உண்டு. அந்த ஊர்லயும் மறுநாள் "ஏகமனதாகத் தேர்வு"ன்னுதான் சொல்லுவாங்க. காசு குடுத்து வாங்கின மனசு.

இதுல தனித்தமிழ் அன்பர்கள் ஒரு காமெடி பண்ணுவாங்க. ஏக-ன்னா வடமொழி, ஆகவே "ஒருமனதாக"ன்னு மாத்திட்டா சரியாயிடும்னு. ஐயா, எனக்கும் தமிழ்ச் சொல்தான் பிடிக்கும், ஆனா தப்பான இடத்துல இருக்கற சொல்லுக்கு வேட்டி கட்டிவிட்டா அது சரியான இடத்துக்கு நடந்து போயிடாது. அர்த்தம் தப்பா இருக்கறப்ப மூலம் எந்த மொழின்னு பாக்கறது வீடு பத்திக்கிட்டு எரியறப்ப வாசல்ல கோலம் நேரா இருக்கான்னு பாக்கற மாதிரி.

அடுத்தது "எதிர்ப்பின்றி". இது கொஞ்சம் பரவாயில்ல, ஆனா எதிர்ப்புன்னா நம்ம காதுல கோஷம், கறுப்புக்கொடி, மறியல்தான் விழுது. ஊரே எதிர்க்கற ஆள் கூட எதிர்ல வேட்பாளர் இல்லாம வந்துடலாம். "தனித்துப் போட்டி"ன்னு ஒருத்தர் எழுதினதைப் பாத்தேன், அவருக்கு நம்ம அரசியல் பாஷையே தெரியல போல, தனித்துப் போட்டின்னா கூட்டணி இல்லாம நிக்கறதுன்னு டீக்கடையில கேட்டாலே சொல்லுவாங்களே. எல்லாத்துக்கும் சிகரம் ஆங்கிலச் செய்தியை அப்படியே இழுத்துப் போட்ட மொழிபெயர்ப்பு: "அவர் போட்டியின்றிப் போட்டியிடுகிறார்". எழுதினவர் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சிருந்தாலே போதும். "போட்டியின்றி வெற்றி"யும் எனக்கு ஒட்டல, ஓடாத பந்தயத்துல என்ன வெற்றி?

பக்கத்து வீடுகளைப் பாருங்க. ஹிந்தியில நிர்விரோத், மராத்தியில பின்விரோத், கன்னடத்துல அவிரோத. தெலுங்குல மட்டும் ஏகக்ரீவம்னு நம்ம ஏகமனது வியாதி அங்கயும் இருக்கு. மலையாளத்துல பாத்தா "எதிரில்லாதெ", அடடா, தமிழன் எழுதியிருக்க வேண்டியதை அவங்க எழுதி வெச்சிருக்காங்க.

என் கட்சி இதுதான்: தேர்தலைப் பத்தி பேசறப்ப "போட்டியில்லாத் தேர்தல்", ஆளைப் பத்தி பேசறப்ப "எதிரில்லாமல் தேர்வானார்". வழக்கத்துல இருக்கற "போட்டியின்றித் தேர்வு"ம் நல்ல சொல்தான், விடவேண்டியதில்ல (நடுவுல அந்த 'த்'தை முழுங்காம எழுதினா இன்னும் நல்லது). தேர்தல்னாலே பலதுலேர்ந்து ஆராய்ஞ்சு ஒண்ணை எடுக்கறது, ஒண்ணே ஒண்ணு இருக்கறப்ப அதுல என்ன தேர்வுன்னு யாராவது மடக்கினா என்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்கறேன். அதனாலதான் "தேர்வானதாக அறிவிக்கப்பட்டார்"னு எழுதினா இன்னும் சுத்தம், சட்டமும் அறிவிக்கறதைத்தான் சொல்லுது.

கிராமத்துல இதெல்லாம் யாரும் யோசிக்கறதில்ல, "அவரு அன்னப்போஸ்ட்டுல வந்துட்டாருப்பா"ன்னு முடிச்சிடுவாங்க. கடன் சொல்தான், உச்சரிப்பும் நம்மூரு அரைப்பு அரைச்சது, ஆனா அர்த்தம் துளி கூட பிசகல. பத்திரிகைக்காரங்களோட ஏகமனதை விட எனக்கு இந்த அன்னப்போஸ்ட்டு ஆயிரம் மடங்கு மேல்.

மினிட்ஸை திருத்தச் சொல்லி செயலாளர்கிட்ட போனேன். பொறுமையா எல்லாத்தையும் கேட்டார், மன்றோ கதை உட்பட. "கரெக்ட்தான் சார். அடுத்த வருஷம் நீங்களே நில்லுங்க, எதிரில்லாமன்னே எழுதிடலாம்"னார். நான் மெதுவா லிஃப்ட் பக்கம் நடந்தேன், அது அன்னைக்கும் ஓடல.