‘ட்ரான்சிஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்பும் கொழும்பு மாணவர்கள் எழுதும் எஸ்.ஏ.ரி. பரீட்சையில், வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதிக்கு 54 வினாக்களும் 64 நிமிடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. வினாவுக்கு ஒரு சிறு பந்தி. அவற்றுள் சில பந்திகளில் ஒரு வாக்கியத்தின் தொடக்கத்தை வெற்றிடமாக விட்டு, அங்கே தர்க்கரீதியாக மிகவும் பொருந்தும் ‘ட்ரான்சிஷன்’, அதாவது ‘எனினும்’, ‘எனவே’ போல முன் வாக்கியத்தோடு தொடுக்கும் சொல், எது என்று கேட்பார்கள். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ரியூஷன் வகுப்பு முடிந்து தமிழில் பேசிக்கொண்டு வரும் பிள்ளைகளும் இந்தச் சொல்லை மட்டும் ஆங்கிலமாகவே விட்டுவிடுகிறார்கள்.

இதன் வேர் இலத்தீன். ‘ட்ரான்ஸ்’ என்றால் கடந்து, ‘ஈரே’ என்றால் செல்லுதல். கட்டுநாயக்க விமான நிலையத்தில் நாம் காணும் ‘ட்ரான்சிட்’ என்பதும் இதே வேரில் பிறந்ததுதான். இலங்கைத் தமிழில் ‘ட்ரான்சிஷன்’ என்பதற்கு ‘நிலைமாற்றம்’ என்ற பெயர்ப்பு ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. ‘நிலைமாறுகால நீதி’ (‘ட்ரான்சிஷனல் ஜஸ்டிஸ்’) என்ற தொடரை அறியாத பத்திரிகை வாசகர் இல்லை. ஒரு சமூகம் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதைப் பேசும் அந்த இடத்தில் அது பொருத்தமே. பந்தியொன்றில் அவ்வாறு எந்த நிலையும் மாறுவதில்லை. முன் வாக்கியத்துக்கும் பின் வாக்கியத்துக்கும் என்ன உறவு என்பதே அங்கு வினா. ஆகவே ‘நிலைமாற்றுச் சொல்’ என்பது அகராதியை மட்டும் பார்த்துச் செய்த பெயர்ப்பாகிவிடும்.

பரவலாக வழங்கும் ‘இணைப்புச்சொல்’ பிழையன்று. எனினும் ‘அரிசியும் பருப்பும்’ என்பதில் வரும் ‘உம்’மையும் அது தன்னுள் அடக்கிக்கொள்வதால், இரண்டு முழு வாக்கியங்களின் உறவைச் சொல்லும் இச்சொற்களைத் தனியே சுட்ட ‘தொடர்புச்சொல்’ என்பதையே நான் தெரிவேன். தேட வேண்டியது தொடர்பு என்பதைப் பெயரே நினைவூட்டிவிடும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஏழாம் இயலான இடையியல், ‘உம்’ என்ற ஓரிடைச்சொல்லுக்கே எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் வகுக்கிறது. நம் தொடர்புச்சொற்களில் பலவும் இத்தகைய இடைச்சொற்கள் ‘ஆ’, ‘என்’ போன்ற வினைகளோடு சேர்ந்து உறைந்தவை. ‘ஏனெனில்’ என்பது ‘ஏன் எனில்’, அதாவது ‘ஏன் என்று கேட்டால்’. ஒரு கேள்வியே உள்ளே ஒளிந்திருப்பதால், அடுத்து வருவது காரணமாக இருந்தே ஆகவேண்டும். ‘எனவே’ இதற்கு நேரெதிர்த் திசையில் செல்வது: காரணம் முன்னே முடிந்துவிட்டது, இனி விளைவு. ‘எனினும்’ என்பது ‘என்று சொன்னாலும்’. முன் சொன்னதை ஒப்புக்கொண்டு, அதிலிருந்து எதிர்பார்க்கக்கூடியதை மறுக்கும் வேலையை அந்த ஈற்று ‘உம்’ செய்கிறது. ‘விலை குறைவானால் வாங்கலாம்’ என்பதில் நிபந்தனையாக நிற்கும் ‘ஆனால்’, தனித்து வாக்கியத்தின் தலையில் வந்ததும் முரணைக் குறிக்கத் தொடங்கியது தனிக்கதை.

ஓர் எடுத்துக்காட்டு. ‘1982இல் பாராளுமன்றம் காலிமுகத்திடலிலிருந்து ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டேக்கு இடம்பெயர்ந்தது. _____, ஜனாதிபதி செயலகம் இன்றும் கொழும்பில்தான் இயங்குகிறது.’ ‘மேலும்’, ‘எனவே’, ‘உதாரணமாக’, ‘எனினும்’ ஆகியன தெரிவுகள். அவசரக்காரர் ‘மேலும்’ என்பார். இரண்டும் அரச நிறுவனங்களைப் பற்றிய செய்திகள் என்பதே அவருக்குப் போதும். ஆனால் பாராளுமன்றம் போன இடத்துக்கு மற்றவையும் போயிருக்கும் என்ற எதிர்பார்ப்பை இரண்டாம் வாக்கியத்தின் ‘இன்றும்’, ‘தான்’ என்ற இரு குறிப்புகளும் உடைக்கின்றன. விடை ‘எனினும்’. அதே முதல் வாக்கியத்துக்குப் பின், ‘அது விட்டுச்சென்ற பழைய கட்டடம் ஜனாதிபதி செயலகமாயிற்று’ என்று எழுதிப் பாருங்கள். இப்போது வேண்டியது ‘அதன் பின்னர்’. முதல் வாக்கியத்தில் ஓரெழுத்துக்கூட மாறவில்லை.

ஆகையால் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு இரு வாக்கியங்களையும் வாசித்து, உறவு காரணமா, விளைவா, முரணா, கூடுதல் செய்தியா, எடுத்துக்காட்டா, காலவரிசையா என்று தமிழில் ஒரு சொல்லால் பெயரிட்ட பின்னரே தெரிவுகளைத் திறப்பது நல்லது. ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் தெரிவுகளில் இருந்தால், விடை ஒன்றே என்பதால், பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே நீக்கிவிடலாம்.

மிகுதியும் தடுமாறச் செய்வது ‘எனினும்’, ‘மாறாக’ என்ற இணை. ‘அவர் பேருந்தில் வரவில்லை, மாறாக, ரயிலில் வந்தார்’ என்பதில் முதலாவது விலக்கப்பட்டு இரண்டாவது அதன் இடத்தைப் பிடிக்கிறது. ‘அவர் பேருந்தில் வந்தார்; எனினும், நேரத்துக்கு வந்துவிட்டார்’ என்பதில் இரண்டுமே உண்மை. ஆங்கிலத்து ‘ஹவெவர்’, ‘இன்ஸ்டெட்’ இரண்டின் வேறுபாடும் இதுவே.