கோடு தள்ளிப் போனால் புயலும் தள்ளிப் போனதா?

2024 ஜனவரி 15, தைப்பூசக் காவடிக்குப் பத்தே நாள். பெலால் புயலில் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்த வீடியோ எல்லோருக்கும் வாட்ஸப்பில் வந்திருக்கும். அந்தப் புயலின் பாதையை இப்போது வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். கோடு பக்கத்துத் தீவான ரீயூனியன் மேல் ஏறி இறங்கி, மொரீஷியஸுக்குத் தெற்கே கடலோடு போய்விடுகிறது, நம் தீவைத் தொடவே இல்லை.

பழைய புயல் பாதைகளை வரைபடமாக்குவது என் பிழைப்பு. வீடு கட்டப் போகிறவர்கள் "எங்க ஊர் மேல எத்தனை கோடு போகுது?" என்றுதான் கேட்கிறார்கள். கேள்வியே தப்பு. கோடு என்பது புயலின் கண், அதாவது நடுவில் காற்று அடங்கியிருக்கும் இடம், நகர்ந்த வழி, அவ்வளவுதான். 1980-இல் யசாந்த் புயல் ரீயூனியனைச் சுற்றிச் சுற்றி வந்தது, காற்றுவேகத்தில் பெரிய புயலும் இல்லை, ஆனால் மலைமேல் கொமர்சோனில் 15 நாளில் 6,083 மில்லிமீட்டர் கொட்டியது. சென்னைக்கு அது நாலு வருஷத்து மழை. அதனால் கோட்டுக்கு இருபுறமும் ஒரு 200 கிலோமீட்டர் பட்டை போட்டு, அதற்குள் உங்கள் ஊர் எத்தனை முறை மாட்டியது என்று கேளுங்கள்.

அப்புறம் நிறம், காற்றுவேகத்தைப் பொறுத்துக் கோட்டுக்குக் கொடுப்பது. ஐபிட்ராக்ஸ் என்ற உலகப் புயல் தொகுப்பில் ஒரே புயலுக்கு ஒவ்வொரு வானிலை மையமும் மதிப்பிட்ட காற்றுவேகம் அட்டவணையில் தனித்தனிப் பத்தியில் இருக்கும். ரீயூனியன் மையம் 10 நிமிடச் சராசரி எடுக்கும், அமெரிக்கர்கள் 1 நிமிடச் சராசரி, அது கூடுதலாகத்தான் காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ரீயூனியன் பத்தி காலியாக இருந்த இடத்தில் எல்லாம் அமெரிக்க எண்ணைப் போட்டு நிரப்பிவிட்டேன். மஞ்சளாகப் போன புயல் நடுக்கடலில் சட்டென்று சிவந்து, மறுபடி மஞ்சளானது. "அங்க எங்க பெட்ரோல் போட்டுச்சு?" என்றார் மேலதிகாரி. 1975 ஜெர்வேஸ் புயலில் மணிக்கு 280 கிலோமீட்டர் என்று பெரியவர்கள் சொல்வது இன்னொரு கணக்கு, அது சில நொடி வீசிய உச்சக் காற்று.

பழைய கோடுகளில் இன்னும் கவனம் வேண்டும். 1892 ஏப்ரல் 29 புயலில் மொரீஷியஸில் ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். செயற்கைக்கோள் இல்லாத காலம், அந்தப் பாதை காற்றழுத்தமானியையும் கப்பல் குறிப்பேடுகளையும் வைத்துப் போட்டது. நான் அதைப் புள்ளிக்கோடாகத்தான் வரைவேன். கப்பல் எதுவும் போகாத கடலில் அடித்த புயல் கணக்கிலேயே வராது என்பதால், "அந்தக் காலத்துல புயலே கம்மி" என்று இந்தப் படங்களைக் காட்டி யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ரோஸ் ஹில்லில் பக்கத்து வீட்டுப் பாட்டி 1960 கரோல் புயலைப் பார்த்தவர். புயலின் கண் மேலே வந்து காற்று நின்றதும் கூரைத் தகரம் பொறுக்க எல்லோரும் வெளியே ஓடினார்களாம், எதிர்ப்பக்கமிருந்து திரும்ப அடித்ததாம். "எவ்வளவு நேரம் நின்னுச்சு பாட்டி?" என்றேன். "சோறு வடிச்சு, எல்லாரும் சாப்பிட்டு, பாத்திரமும் கழுவியாச்சு." அதையும் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.