நீரடி விளக்கா, நீர்மூழ்கி விளக்கா?

படகின் உடலில் நீர்மட்டத்துக்குக் கீழே பதிக்கும் விளக்கை ‘நீர்மூழ்கி விளக்கு’ என்று எழுதுகிறார்கள். விற்பனைப் பக்கம், பொருத்தும் முறை சொல்லும் கையேடு, காணொலித் தலைப்பு என எங்கே திரும்பினாலும் இந்தச் சொல்தான். யாரோ ஒருவர் அவசரத்தில் எழுதியிருப்பார். மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

‘அண்டர்வாட்டர் லைட்’ என்ற பெயர் ஒரு விளக்கு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறது: நீருக்குக் கீழே. தமிழில் ‘அடி’ என்றாலும் கீழே என்றுதான் பொருள். மரத்தடி, கட்டிலடி, நீரடி. சொல்லாக்க வேலை இவ்வளவுதான். நீரடி விளக்கு.

இதில் மூழ்குவது எங்கிருந்து வந்தது? ‘மூழ்கி’யில் உள்ள இகரம் வினை செய்பவரையும் செய்வதையும் குறிக்கும். மீனைக் கொத்துவது மீன்கொத்தி, நீரில் மூழ்குவது நீர்மூழ்கி. மேலே இருந்த ஒன்று கீழே போக வேண்டும், அப்போதுதான் அந்தப் பெயர் பொருந்தும். நீர்மூழ்கிக் கப்பல் போகிறது, திரும்பியும் வருகிறது. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கும் நீர்மூழ்கி மோட்டாரும் இறங்குகிறது. படகின் பின்பலகையில், நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே திருகி வைத்த விளக்கு எதில் மூழ்குகிறது? அது மூழ்கினால் படகும் சேர்ந்து மூழ்கிவிட்டது என்று பொருள்.

‘வழக்கில் வந்துவிட்டதே, போகட்டும்’ என்பார்கள். அப்படி விட முடியாததற்குக் காரணம், நீர்மூழ்கி விளக்கு என்று உண்மையிலேயே வேறொரு பொருள் இருக்கிறது. கம்பியில் கட்டிப் படகின் பக்கவாட்டில் நீருக்குள் இறக்கி, வேலை முடிந்ததும் மேலே இழுத்துக்கொள்ளும் விளக்கு அது. ஒளியைத் தேடி வரும் சிற்றுயிர்களையும், அவற்றைத் தின்ன வரும் மீன்களையும் கூட்டப் பயன்படுவது. இந்தியக் கடலில் எல்இடி விளக்கு வைத்து மீன்பிடிப்பதற்கு 2017 நவம்பரில் ஒன்றிய அரசு தடை விதித்தது. அந்தத் தடை குறிவைப்பது மீன்பிடிப்பை. உல்லாசப் படகில் அழகுக்காகவும், நங்கூரமிட்ட இடத்தில் இரவு நீந்துபவர்களுக்காகவும் பதிக்கும் விளக்கின் கதை வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், படிப்பவருக்கு எது எதைப் பற்றிய பேச்சு என்று எப்படி விளங்கும்?

இன்னொரு போட்டிச் சொல் ‘நீர்ப்புகா விளக்கு’. இது தவறில்லை, போதாது. மழைக்கும் அலைத்தெறிப்புக்கும் தாங்கும் மேல்தள விளக்கும் நீர்ப்புகா விளக்குதான். தூசியும் நீரும் எவ்வளவு புகாது என்பதை ஐபி எண் சொல்கிறது. ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும், அவ்வளவே. எப்போதும் நீரில் கிடப்பதற்கு ஐபி68 வேண்டும். அதிலும் எத்தனை மீட்டர் ஆழம் என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பார்க்க வேண்டும். மேலும், நீரடி விளக்குகள் பலவற்றின் சூட்டைச் சுற்றியுள்ள நீர்தான் தணிக்கிறது. கரையேற்றிய படகில் எரியவிட்டால் அவை கருகிப் போகலாம். ஆகவே ‘நீரடி’ என்பது இடப்பெயர் மட்டுமில்லை, பயன்படுத்தும் நிபந்தனையும்கூட. நீர்ப்புகா என்ற சொல் இந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது.

‘நீரடி’ மீது ஒரு நியாயமான குறை உண்டு. கடலடி என்றால் சிலர் கடலின் தரை என்றே கொள்கிறார்கள். அப்படியானால் நீரடி விளக்கு குளத்தின் தரையில் கிடப்பது ஆகாதா என்று கேட்கலாம். கேட்கட்டும். படகு என்ற சொல் பக்கத்தில் இருக்கும்போது எவரும் அப்படிக் குழம்பப் போவதில்லை.

தனித்தமிழ்க் கெடுபிடி எனக்கில்லை. எல்இடியை எல்இடி என்றே எழுதுகிறேன். ‘ஒளி உமிழ் இருமுனையம்’ என்று எழுதினால் கடைக்காரரும் திகைப்பார், மின்பணியாளரும் திகைப்பார். என் எரிச்சல் பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பெயர்ப்பவர்கள் மீது. ஒரு கையேட்டில் ‘ஒளியை உமியின் வழியாகத் துளையிட்டுப் பொருத்தவும்’ என்று கண்டேன். ஆங்கிலத்தில் ‘லைட்’ என்றால் ஒளியும் விளக்கும், ‘ஹல்’ என்றால் உமியும் படகின் உடலும். விளக்கு ஒளியாகிவிட்டது, படகின் உடல் நெல்லின் உமியாகிவிட்டது. சொல்ல வந்தது இதுதான்: நீரடி விளக்கில் இருவகை உண்டு. ஒன்று படகின் உடலைத் துளைத்து உள்ளிருந்து முடுக்குவது. மற்றது வெளிப்பரப்பில் திருகி, கம்பிக்கு மட்டும் சிறு துளை கேட்பது. நடுவில் மரத்தகடு வைத்துக் கட்டிய ஃபைபர் படகாக இருந்தால், துளையின் விளிம்பை எபாக்சி என்னும் பிசின் பூசி மூடிய பிறகே கடல்நீருக்கான பசையிட்டு விளக்கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மரம் நீரைக் குடித்து ஊறும். மரக்கலத்தின் பலகை இடுக்கில் நீர் புகாமல் அடைக்கும் வேலைக்குக் ‘கலப்பற்று’ என்று பெயரிட்ட மொழிக்கு உமி தேவையா?

அதே கையேட்டில் ‘தியாக நேர்மின்வாய்’ என்று இன்னொரு முத்து. அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு மற்ற உலோகத்தைக் காக்கும் துத்தநாகக் கட்டி அது. வெண்கல விளக்கை அலுமினியப் படகில் நேரடியாக வைத்தால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும் என்பதுதான் அங்கே தெரிய வேண்டிய செய்தி. ‘காப்புத் துத்தநாகம்’ என்றால் எவருக்கும் புரியும்.

நிறத் தேர்விலும் இதே குளறுபடி. சிவப்பொளியை நீர் சீக்கிரம் விழுங்கிவிடும். தெளிந்த கடலில் நீலமும், பாசி கலந்து பச்சையாகத் தெரியும் நீரில் பச்சையும் தொலைவு போகும். ஆனால் படகின் வலப்பக்க அடையாள விளக்கும் பச்சைதான். அடையாள விளக்குகளோடு குழப்பும் வேறு விளக்கை இரவில் காட்டக் கூடாது என்று 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்கின்றன. ஓடும்போது நீரடி விளக்கை அணைத்துவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த அடையாள விளக்குகளை ‘வழிகாட்டி விளக்கு’ என்கிறார்கள். அவை நமக்கு வழி காட்டுவதில்லை; நாம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறோம் என்று எதிரே வருபவருக்குச் சொல்கின்றன. ‘போக்குக்காட்டி’ என்றால் ஏமாற்றுவதாகிவிடும், பயணம் என்ற பழம்பொருளில் ‘செலவு விளக்கு’ என்றால் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடும். இப்போதைக்கு ‘அடையாள விளக்கு’ என்றே எழுதுகிறேன்.